ரேகையை விடுங்கள், வேலை பார்க்கிறவர்களை உள்ளே விடுங்கள்

மதிப்புக்குரிய தாளாளர் அவர்களுக்கும் பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும்,

சென்ற வாரம் பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவில் நீங்கள் போட்ட அறிவிப்பில் இரண்டு முடிவுகள் இருந்தன. நான்காம் வகுப்பில் மாதம் ஒரு சனிக்கிழமை, பெற்றோர் ஒருவர் வந்து தன் வேலையைப் பற்றிச் சொல்லும் ‘வேலை சொல்லும் நேரம்’ இனி கிடையாது என்பது ஒன்று. அதற்குப் பதிலாக, ஒன்று முதல் ஐந்து வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் செய்து, எதிர்காலத்தில் எந்தத் துறை பொருந்தும் என்று ஒரு வெளி நிறுவனம் அறிக்கை தரும், கட்டணம் ரூ. 3,500 என்பது இன்னொன்று. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. குழுவில் பதில் எழுதலாம் என்றால் அட்மின் மட்டும்தான் எழுத முடியும் என்று மாற்றி வைத்திருக்கிறீர்கள். அலுவலகத்தில் வந்து கேட்டதற்கு “மேனேஜ்மென்ட் முடிவு மேடம்” என்றார்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் மகள் உங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். நான் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் பேட்டர்ன் பிரிவில் இருக்கிறேன். ஸாம்பிளும் அளவு அட்டவணையும் வரும். அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் பேட்டர்ன், அதாவது துணியை வெட்டுவதற்கான வடிவம், போட்டு, சைஸ் வாரியாக அதைப் பெரிதும் சிறிதுமாக்கி (கிரேடிங்), துணி வீணாகாதபடி அந்த வடிவங்களை நெருக்கி அடுக்கி (மார்க்கர்) கட்டிங்குக்கு அனுப்புவது என் வேலை. பெரிய ஆர்டர்களில் ஒரு சட்டைக்குச் சில கிராம் துணி மிச்சமானாலும் மொத்தத்தில் அது பெரிய காசு. பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். என் அம்மா ஒரு கம்பெனியில் செக்கிங்கில் இருந்தார். அவர் உட்கார்ந்து வேலை பார்த்த கட்டடத்திலேயே, மேல் மாடியில், பேட்டர்ன் அறை இருந்தது. அம்மா ஒரு நாளும் அதற்குள் போனதில்லை. அங்கே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. கணக்குப் படித்தால் டீச்சர் ஆகலாம், பேங்க் தேர்வு எழுதலாம் என்று மட்டும்தான் கல்லூரி முடியும்வரை நினைத்திருந்தேன்.

இந்த ஊரில் பிள்ளைகளுக்குத் தெரியும் வேலைகள் இரண்டு வகை. அப்பா அம்மா பார்க்கிற வேலை, டிவியிலும் போனிலும் வருகிற வேலை. வகுப்பில் போய்க் கேட்டுப் பாருங்கள். டாக்டர், கலெக்டர், போலீஸ், டீச்சர், கிரிக்கெட், இப்போது புதிதாக யூடியூபர். பவர் டேபிள் என்கிற தையல் மிஷினுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் நடுவே இந்த மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான வேலைகள் இருக்கின்றன. அவை ஒன்றும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. அந்த இடைவெளியில் ஒரு சின்னக் கதவைத்தான் வகுப்பு ஆசிரியை திறந்து வைத்தார். அதைத்தான் நீங்கள் மூடுகிறீர்கள்.

‘வேலை சொல்லும் நேரம்’ என்றால் என்ன என்று முடிவெடுத்தவர்கள் நேரில் வந்து பார்த்ததாகத் தெரியவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு மாதம் ஒரு பெற்றோர், முக்கால் மணி நேரம். தினமும் வேலையில் கையில் எடுக்கும் பொருள் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். பிள்ளைகள் கேட்பதற்கு ஒளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். “நல்லாப் படிங்க, இல்லைன்னா எங்களை மாதிரி கஷ்டப்படணும்” என்று அறிவுரை சொல்லக் கூடாது. கடைசி விதிதான் வந்தவர்கள் பலருக்கும் சிரமமாக இருந்தது. வாய் வரைக்கும் வந்து நின்றதை நானே பார்த்தேன்.

மின்வாரியத்தில் லைன்மேனாக இருக்கும் ஒரு அப்பா இடுப்புப் பெல்ட்டையும் ரப்பர் கையுறையையும் கொண்டுவந்தார். கம்பம் ஏறுவதற்கு முன்னால் ‘எல்.சி.’ வாங்குவது, அதாவது அந்த லைனில் மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்று துணைமின் நிலையத்திலிருந்து அனுமதி பெறுவது, எப்படி என்று படிப்படியாகச் சொன்னார். ஒரு பையன் எழுந்து, “நீங்க மேல இருக்கும்போது அங்கே யாராவது மறந்துபோய் சுவிட்ச் போட்டுட்டா?” என்று கேட்டான். அதற்காகத்தான் வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் ராடு மாட்டிக் கம்பியைத் தரையோடு இணைத்த பிறகே கை வைப்போம் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினார். அப்புறம், தன்னோடு வேலை பார்த்த ஒருவர் அதைச் செய்யாததால் என்ன ஆனது என்பதையும், பயமுறுத்தாமல், சுருக்கமாகச் சொன்னார். மின்கடத்தி, மின்கடத்தாப் பொருள் என்று அறிவியல் புத்தகத்தில் படிப்பதை அந்த வகுப்பு இனி மறக்காது என்று நினைக்கிறேன்.

சாயக் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் லேப் வேலை பார்க்கும் ஒரு அம்மா வந்தார். கையில் இரண்டு பாட்டில்கள், ஒன்றில் கருநீலத் தண்ணீர், இன்னொன்றில் தெளிந்த தண்ணீர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதையை, சாயக் கழிவால் நொய்யல் ஆறும் அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டைப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்பது இப்போதைய விதி. அதற்காகத் தண்ணீரை வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, உப்பைப் பிரித்து, அந்த உப்பை மறுபடி சாயத்துக்கே அனுப்புகிறார்கள். “டேஸ்ட் பாப்பீங்களா ஆன்ட்டி?” என்று ஒரு வாண்டு கேட்டதும் வகுப்பே சிரித்தது. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டரை எடுத்து இரண்டு பாட்டிலிலும் விட்டுக் காட்டினார். நம் ஊர் ஆறு ஏன் நிறம் மாறியது என்று தெரிந்துகொண்டதோடு, அதைச் சரிசெய்வதும் ஒரு வேலை, அதற்கு வேதியியல் படிக்க வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார்கள். அந்தப் பெண்மணியின் மகள் அதுவரை “எங்கம்மா சாயப்பட்டறைக்குப் போறாங்க” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவள்.

ஒடிசாவிலிருந்து வந்து இங்கே பேட்லாக் தையல் மிஷின் ஓட்டுகிற ஒரு அப்பாவும் வந்தார். பாதி தமிழ், பாதி இந்தி. நடுவில் திணறிய இடங்களில் அவர் மகனே மொழிபெயர்த்தான். சட்டையின் கீழ் மடிப்பில் இரண்டு வரிசைத் தையல் எப்படி ஒரே ஓட்டத்தில் விழுகிறது என்று பிள்ளைகள் தங்கள் பனியனையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பையனை யாரும் ‘இந்திக்காரன்’ என்று கூப்பிடுவதில்லை என்று என் மகள் சொன்னாள்.

நானும் போனேன். துணி சுருங்குவதைப் பற்றிப் பேசினேன். 100 சென்டிமீட்டர் துணி துவைத்தால் 95 ஆகிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள், துவைத்த பிறகு சட்டை 57 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், அப்படியானால் எவ்வளவு நீளம் வெட்டுவீர்கள் என்று கேட்டேன். உடனே நிறையப் பேர் 62 என்றார்கள், ஐந்தைக் கூட்டிவிட்டு. தப்பு என்று நான் சொல்லவில்லை, வெட்டிப் பார்க்கலாமா என்றேன். ஒரு பெண், நூறுக்கு ஐந்து போனால் இருபதுக்கு ஒன்று போகும், அப்போ அறுபதுக்கு மூன்று என்று விரலை மடக்கி 60 என்றாள். என் வேலையில் தினமும் செய்வது அதுதான், கம்ப்யூட்டர் வேகமாகச் செய்கிறது, அவ்வளவுதான் என்றேன். அதன்பிறகு ஒரு பையன் கேட்டது மனதில் நிற்கிறது. “மாஸ்டர்னா ஆம்பளைங்கதானே? நீங்க எப்படி?” அவன் கேலியாகக் கேட்கவில்லை. அவன் பார்த்த கம்பெனிகளில் கட்டிங் மாஸ்டர், பேட்டர்ன் மாஸ்டர் எல்லாம் ஆண்கள். செக்கிங்கிலும் பிசிர் வெட்டுவதிலும் பெண்கள். ஒன்பது வயதுக்குள் அவனுக்குள் அது ஒரு விதியாகவே உட்கார்ந்துவிட்டது.

இதற்கெல்லாம் பள்ளிக்கு ஆன செலவு, வந்தவர்களுக்கு ஒரு டீ.

சரி, நிறுத்துவதற்கு நீங்கள் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன். “இந்த வேலைகளைக் காட்டவா ஃபீஸ் கட்டுகிறோம்” என்று சில பெற்றோர் கேட்டதாகச் சொன்னீர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒன்றரை ஷிப்ட் நின்று, சனிக்கிழமை சம்பளத்தை வாங்கி, அதில் முதல் செலவாக உங்கள் கட்டணத்தைக் கட்டுகிறவர்கள். பிள்ளை இந்தத் தூசிக்குள் வரக் கூடாது என்பது அவர்கள் ஆசை. என் அம்மாவும் அப்படித்தான் கேட்டிருப்பார். ஆனால் பள்ளி நிர்வாகம் அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒன்று இருக்கிறது. லைன்மேன் பேசியதைக் கேட்ட பிள்ளைகளில் ஒருத்தி, “கரண்ட் எங்கிருந்து வருது?” என்று தொடங்கி, உடுமலைப் பக்கம் சுற்றும் காற்றாலைகளுக்குப் போய், அதை வடிவமைப்பவர் யார் என்பது வரை கேட்டாள். ஒரு வேலையைப் பார்த்தால் அதற்குப் பின்னால் இருக்கிற பத்து வேலைகள் தெரியவரும். கலெக்டர், டாக்டர் என்ற இரண்டு படங்களை மட்டும் காட்டி அனுப்பினால், அது கிடைக்காத மற்ற எல்லாப் பிள்ளைகளும் தோற்றவர்களாகவே பத்தாம் வகுப்பை விட்டு வெளியே வருவார்கள். அப்போது கைக்குக் கிடைக்கிற வேலை, அப்பா அம்மா பார்த்த அதே வேலைதான்.

‘குலக்கல்வி மாதிரி ஆகிவிடும்’ என்றும் ஒரு காரணம் சொன்னீர்கள். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1953-இல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது, தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் போட்டார்கள். சலவைத் தொழிலாளி மகன் சலவை, முடிதிருத்துபவர் மகன் முடிதிருத்தல் என்று பிள்ளைகளைப் பிறப்போடு கட்டிப்போடும் திட்டம் என்று பெரியார் முதல் பலரும் எதிர்த்தார்கள். 1954-இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அந்தத் திட்டம் இருந்திருந்தால் செக்கிங்கில் இருந்தவரின் மகள் நான் கணிதம் படித்திருக்க முடியாது. பிள்ளைகளுக்குத் தொழிலைப் பற்றிச் சொல்லலாம் என்று யார் வாயைத் திறந்தாலும் தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி எழும். எழத்தான் வேண்டும்.

ஆனால் எங்கள் வகுப்பில் நடந்ததைப் பாருங்கள். எந்தப் பிள்ளைக்கும் அவன் அப்பாவின் தொழிலை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. லைன்மேன் மகள் சாயத் தண்ணீரைப் பற்றிக் கேட்டாள், பேக்கரி மாஸ்டர் மகன் சட்டைக்குக் கணக்குப் போட்டான். ஒவ்வொரு பிள்ளையும் அடுத்த வீட்டின் வேலையைப் பார்த்தது. பள்ளி நேரம் குறையவில்லை. பிள்ளை யாரும் ஊசி நூலைத் தொடவில்லை. சாதிக்கும் வேலைக்கும் இருக்கிற முடிச்சை அவிழ்க்க, ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற முப்பது பிள்ளைகள் முப்பது வீட்டு வேலைகளையும் சமமாகக் கேட்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பிறப்பை வைத்துத் தொழிலைச் சொல்வதுதான் உங்கள் கவலை என்றால், நீங்கள் பணம் கொடுத்து வரவழைக்கப்போகும் அந்த ரேகைச் சோதனை என்ன செய்கிறது? விரல் ரேகை, தாயின் வயிற்றில் சுமார் மூன்றாவது மாதம் உருவாகத் தொடங்கி, பிறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பிறகு வாழ்நாள் முழுக்க மாறுவதில்லை. அதைப் பார்த்து இந்தப் பிள்ளைக்கு இந்தத் துறை என்று எழுதிக்கொடுத்தால், அது பிறப்பைப் பார்த்துச் சொல்வது இல்லாமல் வேறென்ன? சாதிக்குப் பதில் ரேகையின் சுழியும் வளையமும் வந்திருக்கின்றன.

டி.எம்.ஐ.டி. என்ற பெயரில் இது பல ஊர்ப் பள்ளிகளில் விற்கப்படுகிறது. ஒவ்வொரு விரலும் மூளையின் ஒரு பகுதியோடு இணைந்தது, ரேகை வரிகளை எண்ணினால் எட்டு வகை அறிவில் எது எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும் என்கிறார்கள். ரேகை ஆராய்ச்சி என்பது உண்மையான ஒன்றுதான். குற்றவியலில் பயன்படுகிறது, சில பிறவிக் குறைபாடுகளைப் பற்றிய ஆய்விலும் பயன்பட்டிருக்கிறது. ஆனால் ரேகைக்கும் ஒருவரின் திறமைக்கும் தொடர்பு இருப்பதாக யாரும் நிரூபிக்கவில்லை. 1892-இலேயே இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் இதைத் தேடிப் பார்த்துவிட்டார். கலை மாணவர்கள், விவசாயக் கூலிகள், அறிஞர்கள், மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று எல்லாத் தரப்பினரின் ரேகைகளையும் ஒப்பிட்டார். பிறப்பால்தான் திறமை வருகிறது என்று உறுதியாக நம்பிய மனிதர் அவர், அந்த நம்பிக்கையில் எழுந்த இனமேம்பாட்டுக் கொள்கைக்கு ‘யூஜெனிக்ஸ்’ என்ற சொல்லையே உருவாக்கியவர். அவருக்கே எந்த வித்தியாசமும் கிடைக்கவில்லை, அதை ஒளிக்காமல் எழுதியும் வைத்தார். ‘பல்வகை அறிவு’ என்ற கருத்தை 1983-இல் முன்வைத்தவர் ஹாவர்ட் கார்ட்னர். இவர்களின் விளம்பரங்களில் அடிக்கடி வரும் பெயர். தன் கருத்தை ரேகையோடு முடிச்சுப்போடுவதற்கு ஆதாரம் இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இந்த அறிக்கை வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கோயம்புத்தூரில் என் தங்கை மகன் படித்த பள்ளியில் இதைச் செய்தார்கள். வழவழ தாளில் வண்ணப் படங்களோடு ஒரு புத்தகம். தலைமைப் பண்பு இத்தனை, இசை இத்தனை, கணக்கு இத்தனை என்று புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை. மில்லிமீட்டர் கணக்கில் வேலை பார்க்கிறவள் நான், அளக்காத ஒன்றுக்கு அவ்வளவு துல்லியம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கே எனக்கு எரிச்சல். இரண்டாம் வகுப்புப் பையன் அவன். அதற்கப்புறம் கணக்கு வீட்டுப்பாடம் என்றாலே, “எனக்கு மேத்ஸ் வராது, ரிப்போர்ட்ல போட்டிருக்கு” என்று நோட்டை மூடிவிடுவான். தங்கையும் அவள் கணவரும் அதை நம்பி, சரி, டிராயிங் கிளாஸ் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். இன்னமும் அவனோடு உட்கார்ந்து அதை உடைக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறோம். ஒரு ஆசிரியர் “உனக்குக் கணக்கு வராது” என்று சொன்னால் அவரிடம் போய்ச் சண்டை போடலாம். அச்சடித்த புத்தகத்திடம் எப்படிச் சண்டை போடுவது?

“இதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு எதற்கு, பெரிய வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்” என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். (சின்னப் பிள்ளைகளுக்கு வேலையைப் பற்றிப் பேச வேண்டாம், ரேகை மட்டும் பார்க்கலாமாம்.) அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் 2022-இல் வந்தது. அது உயர்நிலை, மேல்நிலை, கல்லூரி மாணவர்களுக்கு. நல்ல திட்டம்தான். ஆனால் அந்த வயதில் பாதிக் கதவுகளைப் பிள்ளைகள் தாங்களே சாத்திவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். லிண்டா காட்ஃப்ரெட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1981-இல் இதை விளக்கினார். ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் இது ஆண் வேலை, இது பெண் வேலை என்று பிள்ளைகள் ஒதுக்கத் தொடங்குகிறார்கள். ஒன்பதிலிருந்து பதின்மூன்றுக்குள் எது மரியாதையான வேலை, எது நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத வேலை என்று ஒதுக்குகிறார்கள். எனக்குப் பிடித்தது எது, என்னால் முடிவது எது என்ற யோசனை அதற்கும் பிறகுதான். என்னிடம் “மாஸ்டர்னா ஆம்பளைங்கதானே” என்று கேட்ட பையன் அந்த முதல் இரண்டு படிகளுக்கு நடுவில் நிற்கிறான். அவனிடம் பேச வேண்டிய நேரம் இதுதான்.

1983-இல் வெளியான ஓர் ஆய்வில், டேவிட் சேம்பர்ஸ் என்பவர் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 4,807 பேரை ஒரு விஞ்ஞானியை வரையச் சொன்னார். பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர். அந்த 28 பேரும் சிறுமிகள். ஆண் பிள்ளை ஒருவன்கூட வரையவில்லை. 2018-இல் வெளியான இன்னோர் ஆய்வில், இருபது நாடுகளில், ஏழிலிருந்து பதினொரு வயது வரையான சுமார் 20,000 பிள்ளைகளிடம் பெரியவர்கள் ஆனதும் செய்ய விரும்பும் வேலையை வரையச் சொன்னார்கள். விளையாட்டு வீரர் என்று வரைந்தவர்களே அதிகம். ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, வீட்டாரையும் தெரிந்தவர்களையும் டிவியையும் சொன்னார்கள். பள்ளிக்கு வந்து பேசிய ஒருவரால் என்று சொன்னவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. வசதி உள்ள நாடுகளையும் சேர்த்துப் பார்த்தே நிலைமை அது. எங்கள் நான்காம் வகுப்பு அதை மாற்ற ஆரம்பித்திருந்தது.

மாறுவேடப் போட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு ஆண்டும் ‘சமூக உதவியாளர்கள் தினம்’ என்று டாக்டர் கோட்டு, போலீஸ் தொப்பி, பைலட் உடுப்பு எல்லாம் வாடகைக்கு எடுத்து வந்து நிறுத்துகிறோம். போன முறை ஒரு சிறுமி கழுத்தில் இஞ்சு டேப்பும் கையில் கத்தரிக்கோலுமாக அவள் அம்மாவைப் போல வந்தாள். மேடையில் ஏற்றவில்லை, ‘லிஸ்டில் இல்லை’ என்றார்கள். ஆடை ஏற்றுமதியால் வாழும் ஊர் இது. தையல்காரருக்கு இந்த ஊர்ப் பள்ளி மேடையில் இடமில்லை என்றால் வேறெந்த ஊரில் இருக்கும்?

பணம், சட்டம் என்று வேறு சில கேள்விகளும் உண்டு. ஒரு வகுப்புக்கு முப்பது பிள்ளைகள் என்றாலே ரூ. 1,05,000. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகளிடமும் இந்தக் கட்டணத்தைக் கேட்பீர்களா, இல்லை அவர்களை மட்டும் தனியாக உட்காரவைப்பீர்களா? எடுத்த ரேகை எந்தக் கம்ப்யூட்டரில், எத்தனை காலம், யார் பொறுப்பில் இருக்கும்? பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்ற முடியாது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவைக் கையாளுவதற்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. குழந்தையின் நலனைக் கெடுக்கக்கூடிய விதத்தில் அதைக் கையாளக் கூடாது என்றும் சொல்கிறது. ‘வியாழக்கிழமைக்குள் பணம் கட்டவும்’ என்ற வாட்ஸ்ஆப் செய்தி ஒப்புதல் ஆகாது.

என் கோரிக்கைகள் இவை.

ரேகைச் சோதனையை எல்லா வகுப்புக்கும் ரத்து செய்யுங்கள். ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள். ‘விருப்பம் உள்ளவர்கள் மட்டும்’ என்று மாற்றுவது போதாது. பள்ளியே கூப்பிட்டு நடத்தினால், அது உண்மை என்று பள்ளி சான்று கொடுப்பதாகத்தான் பெற்றோர் எடுத்துக்கொள்வார்கள். எந்தப் பிள்ளையின் ரேகையாவது இதுவரை எடுக்கப்பட்டிருந்தால், அதை அழித்துவிட்டதாக அந்த நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கி எங்களுக்குக் காட்டுங்கள்.

‘வேலை சொல்லும் நேரம்’ அடுத்த மாதமே மறுபடி நடக்க வேண்டும். நான்காம் வகுப்போடு நிற்காமல் மூன்றுக்கும் ஐந்துக்கும் கொண்டுபோங்கள். ஒன்று, இரண்டு வகுப்புகளுக்கு முக்கால் மணி நேரம் அதிகம், பத்து நிமிடமும் தொட்டுப் பார்க்க ஒரு பொருளும் போதும். அதைத் தொடங்கிய ஆசிரியையிடம் விளக்கம் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். அப்படிக் கேட்டிருந்தால் அதைத் திரும்பப் பெறுங்கள். அவரிடமே பொறுப்பைக் கொடுத்து, அதற்கான நேரத்தை டைம்டேபிளில் ஒதுக்குங்கள், அவர் உணவு இடைவேளையில் இருந்து எடுக்காதீர்கள்.

யாரை அழைப்பது என்ற பட்டியலைப் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து போடுவோம். அதற்கு நான் சில விதிகளை முன்வைக்கிறேன். எந்தப் பிள்ளையிடமும் ‘உன் அப்பா என்ன வேலை’ என்று வகுப்பில் வைத்துக் கேட்கக் கூடாது. விருப்பமுள்ள பெற்றோர் தாங்களாக முன்வர வேண்டும். வேலை இல்லாதவர்கள், வேலையைச் சொல்லத் தயங்குபவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கூனிக்குறுகக் கூடாது. பெண்கள் என்று பழகிய வேலைக்கு ஆணையும், ஆண்கள் என்று பழகிய வேலைக்குப் பெண்ணையும் தேடிப்பிடித்து அழைக்க வேண்டும். பெற்றோரோடு நிற்காமல் ஊரில் இருப்பவர்களையும் கூப்பிடுவோம். அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைக்காரர், திருமுருகன்பூண்டிச் சிற்பி, காங்கேயம் கொப்பரைக் களத்துக்காரர், பல்லடம் கால்நடை மருத்துவர், சாய லேபில் ஷேடு பார்க்கிறவர், 108 ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர், மாநகராட்சித் தூய்மைப் பணியாளர். டாக்டரையும் வக்கீலையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவர்களும் அதே முக்கால் மணி நேரத்தில், அதே நாற்காலியில் உட்காரட்டும். கம்பெனிக்குள் பிள்ளைகளைக் கூட்டிப்போவதோ, அவர்கள் கையில் வேலை கொடுப்பதோ கூடவே கூடாது. 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றமாக இருக்கிற நாட்டில், அந்தக் கோடு தெளிவாக இருக்க வேண்டும்.

மாறுவேட நாளுக்கு லிஸ்ட் கொடுப்பதை நிறுத்துங்கள். பிள்ளை எந்த வேலையாக வர விரும்புகிறதோ அப்படியே வரட்டும். போன முறை மேடை ஏறாத சிறுமியிடமும் அவள் அம்மாவிடமும் பள்ளி சார்பில் யாராவது ஒருவர் நேரில் பேசுங்கள்.

வாட்ஸ்ஆப் குழுவில் பெற்றோரும் எழுதும்படி திறந்து விடுங்கள். இந்த மாதக் கடைசியில் நடக்கும் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்து, உங்கள் பதிலை அதற்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். என்னைப் போலவே நினைக்கும் பெற்றோர் சிலர் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார்கள். ஒன்றரை ஷிப்ட் என்பதால் சாயங்காலம் ஏழரைக்கு மேல் கூட்டம் வைத்தால்தான் அவர்களால் வர முடியும். அதையும் கவனத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா,
திருப்பூர்